அசல் நிறுவு கோப்பும் எல்லைக் கிராமங்களின் பழைய கணிப்பொறிகளும்

நெல் விதை வாங்கும் உழவர், மூட்டையின் வாயில் தைத்திருக்கும் சீட்டைப் பார்த்த பின்னரே பணத்தை எடுக்கிறார். வல்லுநர் விதைக்கு மஞ்சள் சீட்டு, ஆதார விதைக்கு வெள்ளைச் சீட்டு, சான்று விதைக்கு நீலச் சீட்டு என்பது 1966ஆம் ஆண்டின் விதைச் சட்டத்தைத் தொடர்ந்து நாட்டில் நிலைபெற்ற ஒழுங்கு. விதை மணியைக் கையில் எடுத்துப் பார்ப்பதால் மட்டும் அதன் இனத்தூய்மை விளங்கிவிடாது. முளைத்து வளர்ந்து கதிர் வாங்கிய பின்னரே கலப்பு வெளிப்படும். அதற்குள் ஒரு போகம் கை நழுவிப் போயிருக்கும். ஆதலால்தான் விதையைக் காட்டிலும் அதன் பிறப்பைக் கூறும் சீட்டுக்கு உழவர் மதிப்புக் கொடுக்கிறார்.

கணிப்பொறியின் நிறுவு கோப்பும் இத்தகைய விதையே ஆகும். கணிப்பொறியின் உறுப்புகளை ஒன்றோடொன்று இணைத்து வேலை வாங்கும் அடிப்படை நிரல் தொகுதிக்கு இயக்கமுறை என்று பெயர். வெறும் யந்திரமாக இருக்கும் கணிப்பொறியில் அந்த இயக்கமுறையை விதைப்பது நிறுவு கோப்பு. அது குறுந்தகட்டில் வரலாம். பென் டிரைவில் வரலாம். இணையத்தின் வழியாகவும் வரலாம். எவ்வழியில் வந்தாலும் அதன் வெளித்தோற்றத்தைக் கொண்டு அசலையும் கலப்பையும் பிரித்தறிய இயலாது. எனினும் விதைக்குக் கேட்கும் சீட்டை இதற்குக் கேட்பவர் மிகச் சிலரே. இக்குறை எங்கும் உள்ளதுதான். ஆயினும் கேரளத்தின் தென்கோடியில், பாறசாலை, நெய்யாற்றின்கரை ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள எல்லைக் கிராமங்களில் இது தனிக் கவனத்துக்கு உரியது.

இரு மாநிலங்களின் யந்திரங்கள்

1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவாரியாகத் திருத்தி அமைக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. பாறசாலையை அடுத்த இஞ்சிவிளைக்கும் தமிழ்நாட்டின் களியக்காவிளைக்கும் இடையே கோடு விழுந்தது. கோடு விழுந்ததே அன்றி உறவும் வாணிபமும் நிற்கவில்லை. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பங்கள் இப்பகுதியில் வாழ்ந்து வருகின்றன. ஒரு வீட்டில் மலையாளப் பாடநூலும் தமிழ்ப் பாடநூலும் அருகருகே இருப்பது இங்குப் புதுமையன்று.

கணிப்பொறிகளும் அவ்வாறே இரு திசைகளிலிருந்தும் வந்து சேர்ந்திருக்கின்றன. கேரள அரசு பள்ளிகளுக்கான கணிப்பொறிக் கல்வித் திட்டத்தை 2001ஆம் ஆண்டில் தொடங்கிற்று. அடுத்த சில ஆண்டுகளில் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. 2017ஆம் ஆண்டு முதல் ‘கைட்’ என்னும் அரசு நிறுவனம் இப்பணியை ஏற்று நடத்துகிறது. இந்நிறுவனம் லினக்ஸ் இயக்கமுறையைப் பள்ளிகளுக்கு ஏற்பத் திருத்தி 2019ஆம் ஆண்டில் ஒரு பதிப்பையும் 2024ஆம் ஆண்டில் மற்றொரு பதிப்பையும் வெளியிட்டது. உரிமக் கட்டணம் இல்லாத இயக்கமுறையை 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகளில் பயன்படுத்துவதால் 3,000 கோடி ரூபாய் மிச்சமாகும் என்று 2019ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது.

தமிழ்நாட்டிலோ மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் 2011 செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கிற்று. தொடக்க ஆண்டுகளில் கொடுக்கப்பட்ட மடிக்கணினிகளில் விண்டோஸும், சென்னையிலுள்ள சீடாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ என்னும் லினக்ஸ் இயக்கமுறையும் சேர்ந்தே இருந்தன. மூத்தவர் படித்து முடித்த மடிக்கணினி இளையவருக்கும், அவரிடமிருந்து உறவினர் வீட்டுப் பிள்ளைக்கும் போவது இயல்பு. அப்படிப் போகும் பொருளுக்கு மாநில எல்லை ஒரு தடையாவதில்லை.

இவ்வாறு கைமாறும் யந்திரத்தோடு நிறுவு கோப்பு கூடவே போவதில்லை. முதல் உரிமையாளரிடம் இருந்த தகடோ சீட்டோ எங்கோ தங்கிவிடுகிறது. யந்திரம் ஒரு நாள் நின்றுபோகும்போதுதான் அதன் தேவை தெரிகிறது. அப்போது கடைத்தெருவில் யாரோ ஒருவர் தரும் பிரதியே மருந்தாகிவிடுகிறது.

பழைய இயக்கமுறை ஏன் வேண்டும்?

பழையதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதை நிறுவினால் போதாதா என்று கேட்கப்படலாம். இயன்றவிடத்து அதுவே சரியான வழி. ஆனால் எல்லாவிடத்தும் அது இயலுவதில்லை என்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, யந்திரத்தின் வலிமை. விண்டோஸ் 10 இயக்கமுறைக்குரிய இலவசத் திருத்தங்கள் பொதுவாக 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நின்றன. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, பாதுகாப்புச் சில்லு முதலிய சில உறுப்புகள் உள்ள கணிப்பொறிகளையே ஏற்கும். லினக்ஸிலும் இத்தகைய எல்லை உண்டு. 32 பிட் கணிப்பொறிகளுக்கான நிறுவு கோப்பை உபுண்டு தனது 2017 அக்டோபர் பதிப்போடு விலக்கிக்கொண்டது. டெபியன் தனது 12ஆம் பதிப்பு வரை வழங்கி, 2025 ஆகஸ்டில் வெளிவந்த 13ஆம் பதிப்பில் நிறுத்திற்று. ஆதலால் நல்ல நிலையிலுள்ள பழைய 32 பிட் கணிப்பொறிக்கு இவ்விரண்டில் ஒன்று வேண்டுமாயின் பழைய பதிப்பைத் தேடித்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது, கருவிகளின் பிணைப்பு. பரிசோதனைச் சாலைகளிலுள்ள அளவைக் கருவிகள் பலவற்றின் மென்பொருள், அக்கருவி வாங்கிய காலத்து இயக்கமுறைக்காகவே எழுதப்பட்டது. கருவி இன்னும் செம்மையாக அளக்கும். அதைப் படிக்கும் கணிப்பொறியில் மட்டும் இயக்கமுறை அழிந்திருக்கும். பல லட்சம் ரூபாய்க் கருவி ஒரு தகடு இல்லாமையால் மூலையில் கிடக்கும் நிலை எழக்கூடாது.

மூன்றாவது, எழுத்து. ஒருங்குறி பரவுமுன் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென்று ஒரு குறியீட்டு முறையைக் கொண்டிருந்தது. இரு மொழிகளிலும் திருமண அழைப்பும் விழா நோட்டீசும் அச்சிடும் எல்லையூர் அச்சகத்துக்கு இது இரட்டைச் சுமை. தமிழுக்கு ஒரு முறை, மலையாளத்துக்கு வேறொரு முறை. அன்று கோத்து வைத்த பள்ளி மலர்களும் கோயில் வரலாறுகளும் அவ்வெழுத்துருக்களிலேயே அடைபட்டிருக்கின்றன. அவற்றோடு வந்த தட்டச்சு நிரல்கள் பல, பழைய விண்டோஸ் பதிப்புகளுக்கே உரியவை. இவ்வேடுகளைத் திறந்து ஒருங்குறிக்கு மாற்றி முடிக்கும்வரையிலாவது பழைய இயக்கமுறை ஒன்று உயிரோடு இருத்தல் அவசியம்.

கலப்பு விதையின் விளைவு

ஊர் பேர் தெரியாத பிரதியை நிறுவுவதில் உள்ள கேடு யாது? அப்பிரதியை ஆக்கியவர் உரிம எண்ணைக் கேட்கும் பகுதியை உடைத்திருக்கிறார். உடைத்தவர் அங்கே வேறு எதை வைத்திருக்கிறார் என்பதை அறிய வழியில்லை. மேலும் உடைத்தது வெளிப்பட்டுவிடும் என்ற அச்சத்தால் இத்தகைய பிரதிகளில் திருத்தங்களைப் பெறும் வாயிலையும் அடைத்து வைப்பது வழக்கம். அதன் பயன் எவ்வாறு முடியும் என்பதை 2017ஆம் ஆண்டு உலகம் கண்டது.

அவ்வாண்டு மே 12ஆம் நாள் ‘வானாக்ரை’ என்னும் தீநிரல் பரவத் தொடங்கி, 150 நாடுகளுக்கு மேற்பட்ட இடங்களில் 2 லட்சத்துக்கும் அதிகமான கணிப்பொறிகளைத் தாக்கிற்று. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பது அதன் தொழில். பிரிட்டனின் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. கேரளத்தில் வயநாடு, பத்தனம்திட்டா மாவட்டங்களின் ஊராட்சி அலுவலகக் கணிப்பொறிகளும், பாலக்காட்டு ரயில்வே கோட்ட அலுவலகக் கணிப்பொறிகளும் அகப்பட்டன. இத்தாக்குதலுக்கு வாயிலாயிருந்த பழுதை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் அதற்கு இரு மாதங்கள் முன்பே, மார்ச் 14ஆம் நாள் வெளியிட்டிருந்தது என்பதே இதில் கருதத்தக்கது. தாக்குண்டவற்றுள் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணிப்பொறிகள். அன்று அந்த இயக்கமுறைக்குத் திருத்தங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. பெற்றுக்கொள்ளாத யந்திரங்களே வீழ்ந்தன.

கட்டற்ற மென்பொருளாயின் இக்கவலை இல்லை என்று எண்ணுவதும் தவறு. 2016 பிப்ரவரி 20ஆம் நாள் லினக்ஸ் மின்ட் திட்டத்தின் இணையதளத்துக்குள் அன்னியர் புகுந்து, 17.3 சின்னமன் பதிப்புக்கான இணைப்பைத் தாம் திருத்திய கோப்புக்குத் திருப்பிவிட்டனர். அன்று அதை இறக்கியவர்கள் அசல் தளத்துக்கே சென்றார்கள். கிடைத்ததோ கள்ளக் கதவு வைத்த பிரதி. ஆகவே இடம் அறிந்து வாங்குவது மட்டும் போதாது; வாங்கியதைச் சோதித்தலும் வேண்டும்.

சட்டமும் இதில் மௌனமாக இல்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 1994ஆம் ஆண்டில் திருத்தப்பட்டபோது 63பி என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. உரிமையை மீறி எடுக்கப்பட்ட நிரற்பிரதி என்று அறிந்தே அதைக் கணிப்பொறியில் பயன்படுத்துவோருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க அப்பிரிவு இடமளிக்கிறது. அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு, முறையாகப் பெற்ற நிரலை வைத்திருப்பவர் இழப்புக்கும் அழிவுக்கும் காப்பாக ஒரு மாற்றுப் பிரதி எடுத்துக்கொள்ளலாம் என்றும் கூறுகிறது. தண்டனையைப் பற்றிய அச்சம் ஓரளவு பரவியிருக்கிறது. காப்புப் பிரதி எடுக்கும் உரிமை இருப்பதோ பலருக்குத் தெரியாது. அவ்வுரிமையைப் பயன்படுத்தி உரிய காலத்தில் ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தால் கடைத்தெருவில் அலையும் அவசியம் பல பள்ளிகளுக்கு நேராது.

அசலைப் பெறும் வழி

கட்டற்ற மென்பொருளில் வழி எளிது. உபுண்டு, டெபியன் ஆகிய இரண்டும் தம் பழைய பதிப்புகளை அழித்துவிடாமல் தத்தம் பழம்பதிப்புக் களஞ்சியங்களில் வைத்திருக்கின்றன. பிரதி எடுப்பதும் பிறருக்குக் கொடுப்பதும் அங்குக் குற்றமன்று. அவ்வுரிமத்தின் நோக்கமே அது.

விண்டோஸில் வழி குறுகியது. எக்ஸ்.பி. இயக்கமுறைக்கு 2014 ஏப்ரல் 8ஆம் நாளோடும், 7ஆம் பதிப்புக்கு 2020 ஜனவரி 14ஆம் நாளோடும் பொதுத் திருத்தங்கள் நின்றன. அவற்றின் முழு நிறுவு கோப்பை மைக்ரோசாப்ட் தன் தளத்தில் இன்று பொதுமக்களுக்கு வழங்குவதில்லை. ஆதலால் மூன்று இடங்களில் தேட வேண்டும். கணிப்பொறியோடு வந்த மீட்புத் தகடு முதலாவது. வன்தட்டில் தயாரிப்பாளர் மறைத்து வைத்திருக்கும் மீட்புப் பகுதி இரண்டாவது. வன்தட்டை அழித்துப் புதிதாகப் பிரிக்குமுன் இதைத் தேடிப் பார்த்தல் வேண்டும். கணிப்பொறியைத் தயாரித்த நிறுவனம் மூன்றாவது. பெட்டியின் பக்கத்திலோ மடிக்கணினியின் அடியிலோ ஒட்டியிருக்கும் உரிமச் சீட்டின் எண்ணைத் தேயுமுன் குறித்து வைப்பது மிகவும் அவசியம். விண்டோஸ் 8 வந்த 2012ஆம் ஆண்டு முதல், அதனோடு விற்கப்பட்ட கணிப்பொறிகளில் அவ்வெண் பொதுவாக யந்திரத்துக்குள்ளேயே பதிக்கப்பட்டிருக்கும்.

கோப்பு கிடைத்த பின் அதன் நீலச் சீட்டைப் பார்க்க வேண்டும். ஒரு கோப்பு முழுவதையும் கணக்கிட்டு 64 இடங்கள் கொண்ட ஓர் அடையாள எண்ணாகச் சுருக்கும் கணித முறை ஒன்று உண்டு. ‘ஷா-256’ என்பது அதன் பெயர். கோப்பில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் அடையாள எண் முற்றும் மாறிவிடும். வெளியிட்ட நிறுவனம் அறிவித்த எண்ணும், கையிலுள்ள கோப்பைக் கணக்கிட்டுப் பெற்ற எண்ணும் ஒன்றாயின் கோப்பு அசல். இதைக் கணக்கிடும் கட்டளை லினக்ஸிலும் உண்டு, விண்டோஸிலும் உண்டு, தனியாக எதையும் வாங்க வேண்டியதில்லை. தளத்துக்குள் புகுந்து கோப்பை மாற்றியவர் அங்கே எழுதியுள்ள எண்ணையும் மாற்றக்கூடுமாதலால், எண்ணை வேறோரிடத்திலும் ஒத்துப் பார்த்தல் நன்று. வெளியீட்டாளரின் மின் கையொப்பம் உள்ளவிடத்து அதையும் சோதித்தல் இன்னும் நன்று.

ஒன்றை மறத்தல் ஆகாது. அசல் என்பதனாலேயே பழைய இயக்கமுறை காப்புடையதாகிவிடாது. திருத்தம் நின்றுபோன இயக்கமுறை உள்ள கணிப்பொறியை இணையத்தோடு இணைக்கலாகாது. அது கருவிக்கும் பழைய ஏடுகளுக்கும் மட்டும் துணையாகத் தனித்து நிற்க வேண்டும்.

செய்யத்தக்கவை

மேற்கூறியவை தனியொருவர் செய்யக்கூடியவை. ஆனால் நிறுவு கோப்பைத் தேடும் சுமையை ஒவ்வோர் ஆசிரியர் தலையிலும் ஏற்றுவது முறையன்று. ஒவ்வோர் உழவரும் தானே விதைச் சோதனை செய்துகொள்ள வேண்டும் என்று எந்த இலாகாவும் சொல்வதில்லை. விதைக்குச் சான்று கொடுக்க அமைப்பு இருப்பதுபோல இதற்கும் ஓர் அமைப்பு வேண்டும்.

கணிப்பொறி கொள்முதல் செய்யும்போது எண்ணிக்கையும் விலையும் கணக்கில் ஏறுகின்றன. நிறுவு கோப்பு ஏறுவதில்லை. இதுவே குறையின் வேர். யந்திரத்தோடு அதன் நிறுவு கோப்பு, உறுப்புகளை இயக்கும் துணை நிரல்கள், அடையாள எண், உரிமச் சான்று ஆகிய நான்கையும் ஒப்படைத்தால்தான் பணம் கொடுக்கப்படும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கலாம். அதற்குச் செலவு இல்லை.

தாலுகாதோறும் ஒரு களஞ்சியம் ஏற்படலாம். நெய்யாற்றின்கரையில் இதைத் தொடங்குவதற்கு வேண்டிய கருவிகள் எல்லாம் உள்ளன. கைட் வெளியிட்ட பதிப்புகள், பாஸ் பதிப்புகள், 32 பிட் கணிப்பொறிக்கு ஏற்ற டெபியன் 12 ஆகியவற்றைச் சோதித்து, அடையாள எண்ணோடு ஒரு வன்தட்டில் வைத்துக் கேட்போருக்குக் கொடுப்பது சட்டத்துக்கு உட்பட்டதே. கேரளப் பள்ளிகளில் 2018ஆம் ஆண்டு தொடங்கிய ‘லிட்டில் கைட்ஸ்’ மாணவர் மன்றங்கள் இப்பணிக்குத் தகுந்தவை. அடையாள எண்ணைக் கணக்கிட்டு ஒத்துப் பார்ப்பது ஒரு பாடவேளைக்குள் முடியும் செய்முறைப் பயிற்சி. அதனால் கணிதமும் விளங்கும், நேர்மையும் விளங்கும்.

இக்களஞ்சியத்தில் தமிழ் முகப்புக்கும் இடம் வேண்டும். கேரளத்தில் கணிப்பொறிப் பாடநூல் தமிழிலும் வெளிவருகிறது. நூலில் ‘கோப்பு’ என்று படித்த பிள்ளை திரையிலும் அச்சொல்லைக் காணுதல் வேண்டும். கடையில் யாரோ கொடுத்த பிரதியில் எந்த மொழி இருக்கிறதோ அதுவே பிள்ளைக்கு வாய்ப்பது என்றிருத்தல் தகாது. பாஸ் உள்ளிட்ட லினக்ஸ் பதிப்புகளில் தமிழ், மலையாளம் ஆகிய இரு முகப்புகளையும் அமைத்துக்கொள்ள இயலும். இரு மொழி வழங்கும் எல்லைக் கிராமத்துக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை.

நிறுவனங்களுக்கும் ஒரு கடமை உண்டு. மைக்ரோசாப்ட் தனது மிகப் பழைய எம்.எஸ்.டாஸ் 4.0 நிரலின் மூலத்தை 2024 ஏப்ரலில் கட்டற்ற உரிமத்தின் கீழ் வெளியிட்டது. மூலத்தை வெளியிட மனமில்லாத பதிப்புகளுக்கும், திருத்தம் நிற்கும் நாளில் அசல் நிறுவு கோப்புகளின் அடையாள எண்களை நிலையான ஓரிடத்தில் அறிவித்து வைக்கலாம். உரிமம் வாங்கியவர் பல்லாண்டுகளுக்குப் பின் தம் கையிலுள்ள தகட்டைச் சோதித்துக்கொள்ள அது உதவும். அதனால் நிறுவனத்துக்கு நட்டம் இல்லை.

இத்தகைய களஞ்சியம் பழமையை வளர்த்துவிடும் என்று சிலர் அஞ்சக்கூடும். அவ்வச்சம் பொருந்தாது. பழைய யந்திரங்கள் களஞ்சியம் இருப்பதால் தோன்றியவை அல்ல. முன்னமே ஊரில் இருப்பவை. அசல் கிடைக்காவிடில் அவை நின்றுவிடுவதில்லை. கலப்பைக் கொண்டு ஓடும். அவை எதைக் கொண்டு ஓடவேண்டும் என்பதே தீர்மானிக்க வேண்டிய வினா.

ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் இதற்கென ஆணை வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. பள்ளியிலோ அலுவலகத்திலோ உள்ள கணிப்பொறி ஒவ்வொன்றுக்கும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் ஒதுக்கி, அதன் இயக்கமுறை, பதிப்பு, உரிம எண், நிறுவு கோப்பு இருக்குமிடம், அடையாள எண் ஆகிய ஐந்தையும் எழுதி வைக்கலாம். யந்திரம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே காப்புப் பிரதி ஒன்றை எடுத்து, ஈரம் படாத அலமாரியில் பெயரெழுதி வைக்கலாம். உழவர் அடுத்த போகத்துக்குரிய விதையை இந்தப் போகத்திலேயே எடுத்து வைக்கிறார். யந்திரம் நின்ற பிறகு அசலைத் தேடுவது, மழை தொடங்கிய பிறகு விதை தேடுவதை ஒக்கும்.